கம்பெனிக்காரன் எங்க போனான்?

கம்பத்திலிருந்து மாமா மகன் போன வாரம் மேலே வந்திருந்தான். மழை பிடித்துக்கொண்டதால் ரெண்டு நாள் தங்கிவிட்டான். சாப்பிட்டு முடித்து கை கழுவும்போதே ஆரம்பித்தான்: "மாப்ள, இப்பவாவது ஒத்துக்க. டெட் ஸ்பேஸ்ல ரெண்டாவதுதான ஒசத்தி?" டெட் ஸ்பேஸ் என்பது விண்வெளியில் நடக்கிற ஒரு திகில் வீடியோ கேம். அதன் முதல் பாகம் ஒசத்தியா, ரெண்டாம் பாகம் ஒசத்தியா என்று பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தீர்ப்பு இல்லாமல் கிடக்கும் பஞ்சாயத்து இது. அவன் ரெண்டாவது கட்சி, நான் முதலாவது கட்சி. இந்தத் தடவை கொஞ்சம் யோசித்து, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கதை முடிவெல்லாம் இதில் வரும். இனிமேல்தான் விளையாடப் போகிறேன் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது வெளிவந்தது 2008 அக்டோபரில். எங்கள் கைக்கு வர 2010 ஆயிற்று. அவன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதை எனக்குத் தள்ளிவிட்டான். சிபியூவை ஜீப்பின் பின்சீட்டில் சாக்குப் போட்டுக் கட்டி, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறி வண்டிப்பெரியாறுக்குக் கொண்டு வந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மானிட்டரைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்ததில் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

எங்கள் வீடு லயத்தில், அதாவது தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், கடைசி அறை. எஸ்டேட்டை மூடிவிட்டுப் போய் அப்போதே பத்து வருஷம் ஆகியிருந்தது. 2000-ஐ ஒட்டி பீர்மேடு பக்கம் வரிசையாக எஸ்டேட்டுகள் மூடின அல்லவா, அதில் எங்களுடையதும் ஒன்று. அப்பா அங்கே ஃபாக்டரி ஃபிட்டர், அம்மா கொழுந்து எடுக்கிறவர். ஒரு நாள் காலையில் சங்கு ஊதவில்லை. அவ்வளவுதான் அறிவிப்பு. தொரை பங்களாவில் நாயைக்கூட விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அப்பாவின் கிராஜுவிட்டி இன்னும் வரவில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், முதல் கேமில் நீங்கள் யார் தெரியுமா? ஃபிட்டர். ஐசக் கிளார்க் என்று பேர். ஐசக் அசிமோவ், ஆர்தர் சி. கிளார்க் என்ற இரண்டு அறிவியல் புனைகதைக்காரர்களின் பேரைச் சேர்த்து வைத்தது. பேர்தான் பெரிசு, வேலை ரிப்பேர். 2508-ஆம் வருஷம். கிரகத்தையே பிளந்து தாது எடுக்கிற இஷிமுரா என்ற ராட்சதக் கப்பலிலிருந்து பேச்சுமூச்சு இல்லை, போய் என்னவென்று பார்த்துச் சரி பண்ணிவிட்டு வா என்று கம்பெனி ஒரு சின்னக் கப்பலில் நாலைந்து பேரை அனுப்புகிறது. இஷிமுராவில் டாக்டராக இருக்கும் நிக்கோல் ஐசக்கின் காதலி. அதனால் அவனும் கிளம்பி வருகிறான். இறங்கும்போதே வந்த வண்டி அடிபட்டுவிடுகிறது. உள்ளே போனால் ஆள் இல்லை. இருப்பதெல்லாம் செத்து, உருமாறி, கை இருந்த இடத்தில் அரிவாள் முளைத்துத் திரும்பி வந்தவை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு அத்தியாயமும் வேலைதான். டிராம் ஓடவில்லை, போய்ப் பார். இன்ஜினுக்கு எரிபொருள் போகவில்லை, போய்ப் பார். காற்றில் விஷம் கலந்துவிட்டது, போய்ப் பார். மேலதிகாரி ஹேமண்ட் ஒரு பக்கம், கூட வந்த கெண்ட்ரா ஒரு பக்கம், வயர்லெஸ்ஸில் ஏவிக்கொண்டே இருப்பார்கள். ஐசக் வாயே திறக்க மாட்டான். மூச்சு வாங்குவான், அடிபட்டால் முனகுவான். நான் இப்போது தேக்கடியில் ஒரு ரிசார்ட்டில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு "எட்டாம் நம்பர் காட்டேஜில் சுடுதண்ணி வரலை" என்று போன் வரும்போதெல்லாம் எனக்கு ஹேமண்ட் குரல்தான் கேட்கிறது. நானும் பதில் பேசுவதில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு நடக்கிறேன்.

அவன் ஆயுதம்கூட ஆயுதம் இல்லை. பிளாஸ்மா கட்டர், சுரங்கத்தில் பாறை அறுக்கிற சாமான். வெட்டுக்கோட்டைப் படுக்கவாட்டிலும் திருப்பலாம், நெட்டுக்குத்தாகவும் திருப்பலாம். அது கிடைக்கிற மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் யாரோ ரத்தத்தால் எழுதியிருப்பார்கள்: கை காலை வெட்டு. மற்ற கேமில் தலையில் சுட்டுப் பழகிய கைக்கு இது கஷ்டம். தலை போனாலும் அது பாட்டுக்கு வரும். நின்று நிதானமாக, வருவது எந்தக் கணக்கில் கையை வீசுகிறது என்று பார்த்து, கோட்டைத் திருப்பி, மூட்டில் வெட்ட வேண்டும். பயத்தில் கை நடுங்கும்போது நிதானமாக அளவெடுக்கச் சொல்கிறது கேம். அந்த ஒரு யோசனைக்காகவே செய்தவர்களைக் கும்பிடலாம்.

எனக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்தது. முதல் கேமின் கம்ப்யூட்டர் பதிப்பில் மவுஸ் சொன்ன பேச்சுக் கேட்காது. நாம் திருப்பினால் அரை நொடி யோசித்துவிட்டுத் திரும்பும், சேற்றில் இறங்கிய எருமை மாதிரி. கேமுக்குள் இருக்கிற வி-சிங்கை, அதாவது படத்தை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கிற அமைப்பை, அணைத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நாலாவது அத்தியாயத்தில்தான் தெரிந்தது. அதுவரைக்கும் "பாரமான உடுப்பு போட்டிருக்கானே, அதனால மெதுவாத் திரும்புறான்" என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து மெச்சிக்கொண்டிருந்தேன்.

சாமான் பையைத் திறந்தாலும் கேம் நிற்காது. அவன் முன்னால் ஒளித்திரையாக விரியும், பின்னால் வருவது வந்துகொண்டே இருக்கும். உயிர் எவ்வளவு மிச்சம் என்பதைத் திரை ஓரத்தில் எழுதிக் காட்ட மாட்டார்கள். அவன் முதுகெலும்பில் விளக்கு எரியும், குறையக் குறைய அணையும். நினைத்த இடத்தில் சேவ் செய்யவும் முடியாது. சேவ் பண்ணும் பெட்டி ஏதாவது ஒரு நடைவழிச் சுவரில்தான் இருக்கும். ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் கரண்டுக்கு நேரம் காலம் கிடையாது. கரண்ட் போனால் யூபிஎஸ் நாலு நிமிஷம் தாங்கும், பீப் பீப் என்று கத்திக்கொண்டே. ஆக, கேமுக்குள் இருட்டு நடைவழியில் குண்டு தீர்ந்து ஓடுகிறேன், கேமுக்கு வெளியே இருட்டு அறையில் பீப் சத்தம் வேகமாகிக்கொண்டே போகிறது, தகரக் கூரையில் மழை அடிக்கிறது. அந்த நாலு நிமிஷத்துக்கு இணையான பயத்தை எந்தக் கேமும் எனக்குத் தந்ததில்லை. அதில் பாதிப் பெருமை யூபிஎஸ்ஸுக்குச் சேர வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டே பார்ப்பார். ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரெண்டாவது கேம் வந்தபோது அதை விற்க, அம்மாக்களை உட்காரவைத்துக் கேமைக் காட்டி, அவர்கள் முகம் சுளிப்பதைப் படம் பிடித்து, "உங்கம்மாவுக்கு இது பிடிக்காது" என்று விளம்பரம் செய்தார்கள். எங்கம்மாவை அவர்கள் பார்க்கவில்லை. எங்கம்மா கேட்ட கேள்வி வேறு.

"இந்தப் பையன் வேலைக்கு வந்தவன்தான?"

"ஆமாம்மா."

"இவ்வளவு பெரிய கப்பல். இத்தன பேரு செத்துக் கெடக்காங்க. கம்பெனிக்காரன் எங்க போனான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையில் அந்தக் கேமுக்குள்ளும் அதற்குப் பதில் கிடையாது. கேப்டன் செத்துவிட்டான். தலைமையகம் எங்கோ தூரத்தில். யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியாமல், கையில் கட்டரோடு, உடைந்ததை உடைந்ததைச் சரி பண்ணிக்கொண்டே போகிறான். நான் முதலாவது கட்சியில் இருப்பதற்குக் காரணம், நேராகச் சொன்னால், அம்மாவின் அந்தக் கேள்விதான்.

அப்பா பார்த்தது ஒரே ஒரு நாள். மூணாவது அத்தியாயம். கப்பலில் செயற்கை ஈர்ப்பு உண்டாக்குகிற பிரம்மாண்டமான சுழற்றி ஒன்று நின்று கிடக்கும், அதை ஓட வைக்க வேண்டும். ஓட வைத்ததும் அதன் கை, ஒரு பேருந்தை எடுத்துச் சுற்றுவது மாதிரி, அறையைச் சுற்றிச் சுற்றி வரும். சுவரில் இருக்கும் பொந்துகளில் ஒடுங்கி நின்று, கை கடந்து போனதும் அடுத்த பொந்துக்கு ஓட வேண்டும். நான் ரெண்டு தடவை கூழானேன். அப்பா பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பற்றவைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "மெஷினு ஓடும்போது உள்ள நிக்கக்கூடாதுன்னு அவனுக்கு ஒருத்தனும் சொல்லித் தரலையா?" என்றார். சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகு அவர் பார்க்க உட்காரவில்லை.

முடிவில் நிக்கோல் முதலிலேயே செத்துவிட்டாள் என்று தெரியவரும். பன்னிரண்டு அத்தியாயத் தலைப்புகளின் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் வரிசையாகச் சேர்த்தால் "நிக்கோல் இஸ் டெட்" என்று வரும். நமக்கு முன்னாலேயே எழுதி ஒட்டியிருந்திருக்கிறார்கள். இதை மாமா மகன்தான் போனில் சொன்னான். தலைப்பைப் படிக்காமல் தாண்டுகிற ஆள் நான்.

இப்போது ரெண்டாவது. 2011 ஜனவரியில் வந்தது. செய்தவர்கள் அதே ஆட்கள், இடையில் நிறுவனத்தின் பேர் மட்டும் விசரல் கேம்ஸ் என்று மாறியிருந்தது. கதைப்படி மூன்று வருஷம் கழிந்து 2511. ஐசக்கை சனிக்கிரகத்தின் துணைக்கோளான டைட்டனில் ஸ்ப்ரால் என்ற நகரத்தில் ஒரு மனநல விடுதியில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவன் வந்து எழுப்புகிறான். எழுப்பிய வாய் மூடுவதற்குள் நம் கண் முன்னால், முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில், அவன் உருமாறுகிறான். ஐசக்கின் இரண்டு கையும் உடம்போடு சேர்த்துக் கட்டிய சட்டைக்குள். கட்டரும் இல்லை, கையும் இல்லை. ஓட மட்டும்தான் முடியும். இந்தத் தொடக்கத்தைப் பற்றி மாமா மகன் பேச ஆரம்பித்தால் என்னிடம் பதில் இருக்காது. முதல் கேமின் தொடக்கம் இதன் கால்தூசி பெறாது.

அவன் கட்சியின் மற்ற வாதங்களையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். மவுஸ் சொன்னபடி கேட்கிறது. முதலாவதில் எடையற்ற இடத்தில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குத் தவளை மாதிரி தாவத்தான் முடியும். இதில் காலில் உந்துவிசை வைத்து மீன் மாதிரி நீந்தலாம். கிடைக்கும் கம்பியையோ, செத்ததன் அரிவாள் கையையோ இழுத்து அதன் மேலேயே எறிந்து சுவரோடு அறையலாம். அந்த விஷயம் இதில்தான் கைக்கு வாகாக அமைந்தது. இடமும் விதவிதம். கப்பல் முழுக்க ஒரே துருப்பிடித்த நடைவழி என்று முதலாவதைப் பற்றி அவன் சொல்வதில் பொய் இல்லை. இதில் கடைத்தெரு, கோயில், குழந்தைகள் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தை நான் ரெண்டாம் முறை விளையாடும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் கடந்தேன்.

ஸ்டாக்கர் என்று ஒரு ஜாதி புதிதாக வருகிறது. பெட்டிகள் அடுக்கிய கிடங்கு. ஒன்று அடுக்குக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும், இழுத்துக்கொள்ளும். நீங்கள் அந்த மூலையையே குறிபார்த்து நிற்பீர்கள். வேறொன்று பக்கவாட்டிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்து முட்டும். எங்கள் காட்டில் செந்நாய் மிளாவைப் பிடிப்பது அப்படியே இதுதான்: கண்ணில் படுகிறதே, அது பிடிக்கப் போவதில்லை. முதல் முறை அந்தக் கிடங்கில் ஐந்து தடவை செத்தேன். ஆறாவது முறை மூலையில் முதுகை ஒட்டி நின்று, தலை நீட்டுவதைக் கண்டுகொள்ளாமல், காதால் மட்டும் சுட்டேன். வெளியே வந்தபோது நான் பெரிய வேட்டைக்காரன்.

அப்புறம் அந்தக் கண் ஊசி. கேம் முடியப் போகிற நேரத்தில் ஐசக் தானாகப் போய் ஒரு இயந்திரத்தில் படுப்பான். மேலிருந்து ஊசி இறங்கும். கருவிழிக்கு நேராக ஊசியைப் பிடித்துக்கொண்டு இறக்க வேண்டியது நாம். அவன் பயத்தில் கண்ணை உருட்டுவான், இதயத் துடிப்பு எகிறும், விளக்கு நீலமாக இருக்கும்போது மட்டும் இறக்கலாம். கொஞ்சம் பிசகினால் முகத்தோடு போயிற்று. அப்பாவுக்கு ஒருமுறை கிரைண்டிங் செய்யும்போது கண்ணில் இரும்புப் பொடி ஏறி, அதை எடுக்க நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தாடையைப் பட்டையில் வைத்து, "அசையக்கூடாது, நேராப் பாருங்க" என்று டாக்டர் சொல்ல, அப்பாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்த பிடி. இந்தக் காட்சியில் மவுஸைப் பிடித்திருந்த என் கையை நானே பார்த்தேன், அதே பிடி. எட்டு நிமிஷம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் முடித்தேன்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஏன் முதலாவது என்கிறேன்?

ஐசக் இதில் பேசுகிறான். கன்னர் ரைட் என்ற நடிகரின் குரல், நல்ல குரல், குறை ஒன்றும் இல்லை. கோபப்படுகிறான், நக்கல் அடிக்கிறான், எல்லி என்ற பெண்ணைக் காப்பாற்றத் துடிக்கிறான். ஆனால் வாய் திறந்த நிமிஷத்தில் அவன் ஃபிட்டர் இல்லை, கதாநாயகன். முதலாவதில் எனக்கு வேலை இருந்தது. இதில் எனக்கு எதிரி இருக்கிறான்: டீடமன், அந்த நகரத்தின் நிர்வாகி. எல்லாவற்றுக்கும் காரணமான ஆள் திரையில் வந்து பேசுகிறான், அவனைத் துரத்திப் போகலாம், கணக்கு முடிக்கலாம். அம்மாவின் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது, கம்பெனிக்காரன் மேல்மாடியில் இருக்கிறான். பதில் கிடைத்ததும் பயம் பாதியாகிவிட்டது. கோபத்தோடு இருக்கிறவனுக்குப் பயம் தங்காது. சங்கு ஊதாத அந்தக் காலையில் லயத்தில் யாரும் கோபப்படவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கோபத்தைக் காட்ட முகம் இருந்தால் அன்றைக்கு எங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்னொன்று, ரெண்டாவது கேமுக்கு நம் மேல் நம்பிக்கை இல்லை. நாம் எங்கே சலித்துப் போய்விடுவோமோ என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எதையாவது வெடிக்க வைக்கிறது. ரயில் கவிழ்கிறது, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சுடுகிறோம், ஜன்னல் உடைந்து விண்வெளிக்கு இழுக்கப்படுகிறோம். திருவிழா ராட்டினம். இறங்கியதும் நல்லா இருந்தது என்போம், தூக்கம் கெடாது.

ஒரே ஒரு இடத்தைத் தவிர. பத்தாவது அத்தியாயம்.

வழி அடைபட்டதால் ஐசக் ஒரு கப்பலுக்குள் போக வேண்டும். இஷிமுரா. அதே கப்பல். இழுத்து வந்து நிறுத்தி, சுத்தம் செய்து, பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுவர் எல்லாம் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருக்கிறது. துடைத்த இடங்களில் ஊதா விளக்கு பட்டால் பழைய ரத்தக்கறை ஒளிரும். நான் கட்டரை நீட்டிக்கொண்டு நுழைந்தேன். இந்தத் திருப்பத்தில் காற்றுக்குழாயிலிருந்து ஒன்று குதிக்கும், தெரியும். குதிக்கவில்லை. இந்தக் கதவு திறந்ததும் ஒன்று நிற்கும். நிற்கவில்லை. டிராம் நிலையம், மருத்துவப் பகுதி, ஒன்றும் இல்லை. வெகுநேரத்துக்கு ஒன்றுமே இல்லை. முதல் கேமை விளையாடாதவனுக்கு இது வெறும் நடை. எனக்கு உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. என்னைப் பயமுறுத்த அவர்கள் ஒரு பைசா செலவழிக்கவில்லை, எல்லாம் நானே கொண்டுவந்தது.

2014-ல் எங்கள் ஃபாக்டரியில் கிடக்கும் மோட்டார்களை விற்கப் போகிறார்கள், எது தேறும் எது தேறாது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். சின்ன வயசில் மத்தியானச் சோற்றுத் தூக்கோடு போன இடம். கதவைத் திறந்ததும் வாசனை அப்படியே இருந்தது, பச்சைக் கொழுந்தும் கிரீஸும் கலந்த புளிப்பு வாசனை, பத்துப் பதினாலு வருஷம் கழித்தும். மேலே வாட்டுகிற மாடியில் பலகை உளுத்து வெளிச்சம் கோடு கோடாகக் கீழே விழுந்தது. ரோலர்கள் நின்ற இடத்தில் நின்றன. மேலே ஓடும் நீளத் தண்டிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்கும் தோல் பெல்ட்டுகளை யாரோ எப்போதோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அப்பா டார்ச்சோடு முன்னால் நடந்தார். மூணாவது ரோலருக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு எட்டு வைத்து, அப்புறம் நிமிர்ந்தார். அடுத்த ரோலரிலும் அதே குனிவு. அங்கே குனிய ஒன்றுமே இல்லை. பெல்ட் ஓடிய இடம் அது. பின்னால் வந்த நானும் குனிந்தேன்.

2023-ல் முதலாவதையே புதிதாகத் திரும்பச் செய்து வெளியிட்டார்கள். படம் கண்ணைப் பறிக்கிறது, கப்பல் முழுக்க ஒரே இடமாக இணைந்திருக்கிறது. ஐசக்கை அதிலும் பேச வைத்துவிட்டார்கள். என் கட்சி தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது.

இதில் பாதியை மாமா மகனிடம் வாசித்துக் காட்டினேன். அப்பா குனிந்த இடம் வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி மாப்ள, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ இவ்வளவு உருகுறியே அந்தக் காலிக் கப்பல், அது எந்தக் கேம்ல வருது?"

"ரெண்டாவதுல."

"அப்புறம் என்னடா?"

பதில் யோசிப்பதற்குள் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் பேட்டரி போன மாசமே செத்துவிட்டது, பீப் சத்தம்கூட இல்லை. நல்லவேளை, இதை சேவ் பண்ணியிருந்தேன்.